மோதிய புரோட்டான் எங்கே நிற்கிறது?

ரெண்டு புரோட்டான்களை ஒளிவேகத்துக்குப் பக்கத்துல ஓடவிட்டு நேருக்கு நேர் மோதவிட்டா, ரெண்டும் நடுவுலயே நின்னுடும்னுதான் தோணும். ஆனா வேகம் கூடக்கூட, அப்படி நிற்பது குறைஞ்சுகிட்டே போகுது.

இதை எப்படி அளக்கிறாங்க? மோதலில் புதுசா பிறக்கும் புரோட்டான் போன்ற பேரியான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு எதிர்-பேரியானும் பிறக்கும். அதனால மொத்தத்திலிருந்து எதிர்-பேரியான்களைக் கழிச்சா, மிச்சம் இருப்பது வெளியிலிருந்து வந்த பழைய சரக்கு. அது எவ்வளவு தூரம் வேகம் இழந்திருக்குன்னு பார்த்தா போதும்.

அமெரிக்காவின் புரூக்ஹேவனில், நேருக்கு நேர் மோதிய தங்க அணுக்கருக்களை பிராம்ஸ் குழு அளந்தது. ஒவ்வொரு துகளும் கொண்டுவந்த 100 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டில் ஏறக்குறைய 73 காலி. செர்னின் ஆலிஸ் குழு 2010-ல் புரோட்டான் மோதல்களின் நடுப்பகுதியைப் பார்த்தது. 0.9 டெராவில் 100 புரோட்டானுக்கு சுமார் 96 எதிர்-புரோட்டான். 7 டெராவில் 99. அதாவது, அந்த வேகத்தில் பழைய சரக்கு நடுவுல நிற்பதே இல்லைன்னு சொல்லலாம்.

சரி, இதில் என்ன பெரிய விஷயம்? பேரியான் எண்ணை யார் சுமக்கிறாங்க என்ற கேள்விதான். குவார்க் ஒவ்வொண்ணும் மூணில் ஒரு பங்கு சுமக்குதுன்னு பாடப்புத்தகம் சொல்லுது. 1977-ல் ரோஸ்ஸியும் வெனெசியானோவும் வேற வழியைக் காட்டினாங்க: மூணு குவார்க்கையும் இணைக்கும் குளுவான் இழைகள் முச்சந்தி மாதிரி ஓரிடத்தில் கூடுது, எண் அந்த முச்சந்தியில் இருக்கலாம். வேகமான குவார்க்கைவிட மெதுவான குளுவான்களை நிறுத்துவது சுலபம்னு 1996-ல் கார்சீவ் விளக்கினார்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி 2018-ல் புரூக்ஹேவனில் கிடைச்சது. ருத்தேனியம், சிர்கோனியம் ரெண்டுக்கும் நிறை எண் 96. புரோட்டான் மட்டும் 44, 40. மின்னூட்டத்தைச் சுமப்பது குவார்க்தான், சந்தேகமே இல்லை. பேரியான் எண்ணையும் அதுவே சுமந்தா, ரெண்டு வகை மோதல்களின் மின்னூட்ட வித்தியாசத்தைப் போல 24 மடங்கு (96/4) பேரியான் நடுவுல நிற்கணும். ஸ்டார் குழு பார்த்தது அதைவிட அதிகம். கொல்கத்தாவின் விஇசிசி தலைமையில் இந்தியக் குழுக்கள் ஃபோட்டான் உணரி கட்டிக்கொடுத்த அதே ஸ்டார்தான்.

முச்சந்தி ஜெயிச்சாச்சுன்னு இதை வச்சு முடிவு கட்ட முடியாது. 7 டெரா அளவுக்கு வழக்கமான மாடலே போதும்னு ஆலிஸ் சொன்னதும் கணக்கில் இருக்கு. ஆனா நம்ம உடம்பின் எடை கிட்டத்தட்ட முழுக்க பேரியான்தான். அதன் அடையாளம் எங்கே ஒட்டியிருக்குன்னு இன்னும் நமக்கு நிச்சயமா தெரியலை!