என்ஜினை மட்டும் மாற்றினால் போதுமா?

இந்தியா சொந்தமாக உருவாக்கிய முதல் ஜெட் போர் விமானமான எச்.எஃப்-24 மாருத், 1961 ஜூன் 17 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. வடிவமைத்தவர் ஜெர்மானியரான கர்ட் டாங்க். ஒலியைவிட வேகமாகப் பறப்பதற்கென்றே வரையப்பட்ட உடல் அது. ஆனால் அதற்காக எதிர்பார்த்த, சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரக்கூடிய ஆர்ஃபியஸ்-12 என்ஜின் வரவே இல்லை. அதன் உருவாக்கச் செலவை ஏற்க பிரிட்டனும் முன்வரவில்லை, இந்தியாவும் முன்வரவில்லை. கடைசியில் தலா 2,200 கிலோ விசையுள்ள இரண்டு ஆர்ஃபியஸ்-703 என்ஜின்களோடுதான் மாருத் 1971 போருக்குப் போனது. 'நல்ல என்ஜின் மட்டும் கிடைத்திருந்தால்' என்ற பெருமூச்சு விமான ஆர்வலர்களிடம் இன்றும் ஓயவில்லை. போர் விமானங்களின் பிளாஸ்டிக் மாடல்களில், வராமல் போன என்ஜினையோ சோதனையோடு நின்ற என்ஜினையோ பொருத்திப் பார்க்கும் 'வாட்-இஃப்' கலைக்கு இதைவிடப் பொருத்தமான விமானம் நம்மிடம் இல்லை. அளவு பிசகாமல் செய்தால், அந்த மாடல் பெருமூச்சுக்குத் துணை போகாது. அதைக் கேள்வி கேட்கும்.

என்ஜின் மாறினால் விமானமே மாறும் என்பதற்கு டாங்கின் பழைய விமானமே சாட்சி. இரண்டாம் உலகப் போரில் அவருடைய ஃபோக்கே-வுல்ஃப் 190-க்கு நீளமான யூமோ 213 என்ஜினைப் பொருத்தியபோது மூக்கு நீண்டது. சமநிலை கெடாமலிருக்க வால் பகுதியிலும் சுமார் 50 சென்டிமீட்டர் கூட்ட வேண்டியிருந்தது. மாருத்துக்கும் இதே கதைதான். உந்துவிசையைக் கூட்ட ஆர்ஃபியஸின் பின்னால் எரிபொருளை மறுபடி எரிக்கும் 'ஆஃப்டர்பர்னர்' அமைப்பை பெங்களூரின் எரிவாயு விசையாழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அதற்காகப் பின்னுடல் அகன்றது. காற்றின் இழுவையும் கூடியது. ஒரு கையில் கிடைத்த விசையில் ஒரு பங்கை இன்னொரு கை பறித்துக்கொண்டது. இந்த வடிவத்தைச் சோதித்தபோதுதான், மாருத்தை முதலில் பறக்கவிட்ட விமானி சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரி 10 அன்று விபத்தில் உயிரிழந்தார்.

பறக்காத பொம்மை எதை நிரூபிக்கும் என்று கேட்கலாம். வேகத்தை அது சொல்லாது, உண்மைதான். 72-ல் ஒரு பங்கு மாடலில் நீளம் 72 மடங்கு சுருங்கினால், கன அளவு 3,73,248 மடங்கு சுருங்குகிறது; காற்று அப்படிச் சுருங்குவதில்லை. ஆனால் இடத்தைப் பற்றி மாடல் பொய் சொல்லாது. 15.87 மீட்டர் நீள மாருத் அந்த அளவில் 22 சென்டிமீட்டர்தான். புதிய என்ஜினுக்கு இடம் செய்ய வாலின் இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் புட்டி பூசினால், நிஜ விமானம் 14.4 சென்டிமீட்டர் பருத்துவிடும். ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்று எவ்வளவு தடுக்கும் என்பது, மூக்கிலிருந்து வால்வரை குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவு சீராகக் கூடிக் குறைகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. மாருத்தின் இடுப்பை டாங்க் ஒடுக்கியது அதற்காகத்தான். அந்தப் பரப்பை வீட்டிலேயே அளக்கலாம். நீர் புகாதபடி அடைத்த மாடலை, விளிம்புவரை நிரம்பிய பாத்திரத்தில் மூக்கு கீழாக சென்டிமீட்டர் சென்டிமீட்டராக இறக்கி, ஒவ்வொரு முறையும் வழியும் நீரை அளந்து வரைபடம் போட்டால், பருத்த வால் அதில் மேடாகத் தெரியும்.

நடக்காததை எண்ணிப் பெருமை பேசுவது வரலாறு ஆகுமா என்பது இன்னொரு கேள்வி. மாருத்தின் விஷயத்தில் பாதி நடந்தே இருக்கிறது. ஆஸ்திரியப் பொறியாளர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் எகிப்தில் உருவாக்கிய இ-300 என்ஜினைச் சோதிக்க ஒரு மாருத் அங்கே அனுப்பப்பட்டு, 1967 மார்ச்சில் அந்த என்ஜினோடு பறந்தது. ஆனால் எகிப்து 1969-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆகவே இ-300 மாருத்தைச் செய்பவர், இந்தியாவின் பலவீனத்தையும் சேர்த்தே செய்கிறார்: பிறர் என்ஜினை நம்பிய விமானம், பிறர் கஜானாவையும் நம்பியாக வேண்டும்.

காவிரியின் பெயரைத் தாங்கிய இந்திய என்ஜினின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1989-ல் அனுமதி பெற்ற காவேரி என்ஜின் திட்டம் 2008-ல் இந்தியப் போர் விமானமான தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸோ 2001-ல் முதன்முதலாகப் பறந்ததே அமெரிக்க எஃப்-404 என்ஜினில்தான். காவேரி பொருத்திய தேஜஸ் மாடலை இன்று ஒரு மாணவர் செய்தால், வண்ணம் பூசுவதோடு நிறுத்தக் கூடாது. என்ஜினின் எடை, காற்று நுழையும் வாயின் அளவு, வால் முனையின் விட்டம் மூன்றையும் கணக்கிட்டு உடலைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தங்களின் பட்டியலைப் பார்த்தாலே, விமானத்தையும் என்ஜினையும் ஏன் ஒரே நேரத்தில், ஒரே திட்டமாக வளர்க்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.