தட்டினால் அலறும் கார்

களமருதூர்த் தெருவில் இரவில் நிற்கும் காரின் கண்ணாடியை ஒருவன் உடைக்க முயல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உடனே காரின் ஒலிப்பான் அலறுகிறது. காருக்கு எப்படித் தெரிந்தது?

காரினுள் பொருத்திய அதிர்வு உணர்வியில் சிறு பீங்கான் வில்லை ஒன்று உண்டு. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்று 1880-இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். இவ்வில்லையும் அவ்வாறே அதிர்வை மின்துடிப்பாக மாற்றுகிறது. துடிப்பு குறிப்பிட்ட அளவை மீறினால் மின்சுற்று ஒலிப்பானை இயக்கும்.

அவ்வளவைக் குறைத்து வைத்தால், கரும்பு லாரி கடந்தாலும் கார் அலறும். வீணாக அலறும் காரை அண்டை வீட்டார் எட்டிப் பார்க்கமாட்டார்கள். மிகக் கூட்டினாலோ, கண்ணாடி உடைந்தாலும் ஒலிக்காது. எனவே உள்ளங்கையால் காரைத் தட்டிப் பார்த்து, உணர்வியின் திருகைச் சரிசெய்ய வேண்டும். ஓசையின்றிக் கதவைத் திறப்பவனுக்கோ கதவிலேயே ஒரு விசை தேவை.