சந்தையில் வாங்கிய கோழியை அன்றே திறந்துவிடலாமா?

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழக்கிழமை சந்தை கலையும்போது, காலைக் கட்டிய நாட்டுக்கோழிகள் பைக்கிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராகப் புறப்படும். வீடு வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். கட்டை அவிழ்ப்பார்கள், வாசலில் மேயும் பழைய கோழிகளுக்கு நடுவே விட்டுவிடுவார்கள். “ரெண்டு நாள் அடிச்சுக்கும், அப்புறம் சேர்ந்துடும்” என்பது எல்லா ஊரிலும் கேட்கும் சமாதானம்.

அடித்துக்கொள்ளும், சேர்ந்தும்விடும், அது உண்மைதான். ஆனால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து, நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த பழைய கோழி ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்கும். மறுநாள் இன்னொன்று. அந்த வாரத்துக்குள் கூடே காலி. புதுசாகச் சேர்த்தது இரண்டு, போனது எட்டு என்று கணக்கு முடியும். சண்டை கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் எல்லோரும் சண்டையைப் பார்த்தே பயப்படுகிறார்கள். சீக்கு சத்தம் போடாமல் வருகிறது.

வந்த கோழி ஏன் சந்தைக்கு வந்தது?

வாங்குபவர் யோசிக்க வேண்டிய முதல் கேள்வி இது. பணத் தேவைக்காக விற்பவர்கள்தான் அதிகம். ஆனால் ஊரில் சீக்கு தலைகாட்டியதும், மிஞ்சியதையாவது காசாக்கலாம் என்று அவசரமாக விற்பவர்களும் உண்டு. இது எந்த ஒரு சந்தையின் குறையும் அல்ல. பல ஊர்க் கோழிகள் சில மணி நேரம் ஒரே இடத்தில் கிடந்தாலே கிருமி மாறுவதற்கு அது போதும்.

இதில் பெரிய எமன் வெள்ளைக்கழிச்சல். 1926-ல் இங்கிலாந்தின் நியூகேசிலில் அடையாளம் காணப்பட்ட அதே நோய்தான். இந்தியாவில், இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிகேத்தின் பெயரால் இதை அழைக்கிறார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கழுத்து திருகிக்கொள்வது ஆகியவை இதன் அறிகுறிகள். இது வைரஸ் நோய், வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. வெங்காயம், மிளகு, ஆன்டிபயாடிக் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொடுத்தாலும் வைரஸ் கேட்காது.

நோய்க்கிருமி உள்ளே போய் அறிகுறி வெளியே தெரிய, பொதுவாக ஐந்தாறு நாள் ஆகும். சில சமயம் இன்னும் அதிகமாகும். உலக விலங்கு ஆரோக்கிய அமைப்பின் விதிநூல் இந்த நோய்க்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் காலம் 21 நாள். சந்தையில் கண் பளபளக்க, கொண்டை சிவக்க நின்ற கோழி நோயைச் சுமந்துகொண்டிருக்கலாம் என்பதற்கு இந்த ஒரு எண்ணே போதும்.

அதனால் முதல் மூன்று வாரம், முடிந்தால் ஒரு மாதம், புதுக்கோழிக்குத் தனி இடம். வீட்டின் எதிர்ப்பக்கமோ, உறவினர் வீட்டுக் கொட்டகையோ, பழைய கோழிகள் எட்டாத இடமாக இருக்க வேண்டும். தண்ணீர்ச் சட்டியும் தீவனத் தட்டும் தனி. இவ்வளவும் செய்துவிட்டு, புதுக்கோழியின் எச்சத்தை மிதித்த அதே செருப்போடு பழைய கூட்டுக்குள் போனால் பலனில்லை. தினமும் முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டு, கடைசியில் புதுசுக்குப் போக வேண்டும். பிறகு கை, கால், செருப்பு எல்லாம் கழுவ வேண்டும். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் இதுதான் நேரம்.

தடுப்பூசி போட்டார்களா என்று விற்றவரிடம் கேட்டால் “போட்டாச்சு” என்றுதான் பதில் வரும். நம்பி விட்டுவிடாமல், கால்நடை மருந்தகத்தில் கேட்டு, நலமாக இருக்கும் புதுக்கோழிக்கும் பழைய கூட்டத்துக்கும் போட்டுவிடுவது நல்லது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி என்பது வழக்கம். தமிழக கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இரண்டு வாரம் இதற்கென்றே முகாம் நடத்துகிறது. ஊசி போட்ட அன்றே எதிர்ப்பு சக்தி வந்துவிடாது, சுமார் இரண்டு வாரம் ஆகும். இன்னொரு சிக்கலும் உண்டு. தடுப்பூசி போட்ட கோழி தான் சாகாமல் இருந்துகொண்டே வைரஸை வெளியே விடக்கூடும். எனவே ஊசி போட்ட கோழிக்கும் தனிமை தேவைதான்.

சிலர் கடைசி வாரத்தில் பழைய கூட்டத்திலிருந்து ஒரே ஒரு கோழியைப் புதுசோடு அடைத்துப் பார்ப்பார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மற்றவற்றையும் சேர்ப்பார்கள். கேட்கக் கொடூரமாக இருக்கலாம், ஆனால் போவது ஒன்றோடு நிற்கும்.

கொத்து வரிசை

இனி சண்டைக்கு வருவோம். நார்வேயைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டரப்-எப்பே என்பவர் சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, எது எதைக் கொத்துகிறது என்று எழுதிவைத்தவர். 1920-களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் ‘கொத்து வரிசை’ என்ற கருத்தே வந்தது. முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும், அதை யாரும் கொத்த மாட்டார்கள். கடைசிக் கோழி எல்லோரிடமும் கொத்து வாங்கும். இந்த வரிசை ஒருமுறை நிலைத்துவிட்டால் கூட்டில் அமைதி இருக்கும். ஒரு முறைப்பிலேயே விஷயம் முடிந்துவிடும்.

ஆறு கோழி இருக்கும் வாசலில் இப்படி 15 ஜோடி உறவுகள் ஏற்கெனவே முடிவாகியிருக்கின்றன. அங்கே இரண்டு புதுக்கோழி வந்தால் ஜோடிகள் 28 ஆகும். அந்த 13 புது உறவும் கொத்தித்தான் தீர வேண்டும். அந்த இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்தவை என்றால் 12 போதும். ஒற்றைக் கோழியாகச் சேர்க்காதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. ஒன்றே ஒன்று வந்தால் ஆறும் அதன் மேல் பாயும். இரண்டு மூன்று வந்தால் அடி பங்கிடப்படும்.

நம் ஊரில் இதில் ஒரு பழக்கம் உண்டு. புதுக்கோழி பழைய வீட்டுக்கு ஓடிவிடக் கூடாது என்று காலில் துணிக்கயிறு கட்டி முளையில் பிணைப்பது. ஓடாமல் இருக்கும், சரி. ஆனால் கொத்து வாங்கும் கோழிக்கு இருக்கும் ஒரே தற்காப்பு ஓட்டம்தான். கயிற்றில் கட்டிவிட்டால் அதுவும் போச்சு. தோற்றது ஓடினால்தான் ஜெயித்தது விடும்.

கயிற்றைவிட நல்ல கருவி பாட்டி காலத்திலேயே இருக்கிறது: பஞ்சாரம். மூங்கில் சிம்பில் பின்னிய, இடைவெளி விட்ட கவிழ்ப்புக் கூடை. தனிமைக் காலம் முடிந்ததும், பழைய கோழிகள் மேயும் இடத்திலேயே புதுக்கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து ஒரு வாரம் வைத்தால் போதும். பார்க்கலாம், கேட்கலாம், கொத்தினால் மூங்கிலில்தான் படும். பஞ்சாரத்தைச் சுற்றித் தீவனம் தூவினால் இரண்டு பக்கமும் அடுத்தடுத்து தின்னப் பழகும். நிழலும் தண்ணீரும் மறக்கக் கூடாது. சித்திரை வெயிலில் பஞ்சாரத்துக்குள் கோழி சுருண்டுவிடும். பஞ்சாரம் கிடைக்காத டவுன் வீட்டில் கம்பிவலைத் தடுப்பு இதே வேலையைச் செய்யும்.

திறந்துவிடும் நாளில் தீவனமும் தண்ணீரும் மூன்று நான்கு இடத்தில் இருக்கட்டும். ஒரே தட்டு என்றால் புதுசுக்குப் பட்டினிதான். ஒளிய ஒரு சாக்கு மறைப்பு, சாய்த்துவைத்த பலகை, இரண்டு வழியுள்ள மூலை எதுவானாலும் உதவும். இருட்டியபின் மற்ற கோழிகளோடு உறங்கும் கம்பில் ஏற்றிவிடும் வழக்கமும் பரவாயில்லை, கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. ஆனால் விடிந்ததும் அந்நியர் அந்நியர்தான், பஞ்சார வாரத்துக்கு அது மாற்றாகாது. வளர்ந்த கோழிகளோடு குஞ்சைச் சேர்ப்பதும், குஞ்சோடு திரியும் தாய்க்கோழியிடம் புதுசை விடுவதும் வேண்டவே வேண்டாம். குஞ்சுக்காரி வரிசையெல்லாம் பார்க்க மாட்டாள்.

துரத்தல், ஒன்றிரண்டு கொத்து, பறக்கும் இறகு, இவ்வளவுக்கும் குறுக்கே போக வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் கணக்கு முடியாமல் தள்ளித்தான் போகும். ரத்தம் வந்தால் மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும். சிவப்பைக் கண்டால் அதுவரை சும்மா இருந்த கோழியும் வந்து கொத்தும். காயம் ஆறும்வரை அடிபட்டதைப் பஞ்சாரத்துக்குள் கூட்டத்தின் பார்வையிலேயே வைப்பது நல்லது. வாரக்கணக்கில் கண்மறைவாக வைத்தால் மற்றவை அதை மறந்து, திரும்ப வரும்போது புது ஆளாகவே நடத்தும். அடிப்பது எப்போதும் ஒரே கோழி என்றால், அடிபட்டதை விட்டுவிட்டு அந்த ரவுடியை இரண்டு மூன்று நாள் அடைத்துவைப்பதும் பலன் தரும்.

இந்தக் களேபரத்தில் பழைய கோழிகளும் சில நாள் முட்டையை நிறுத்தலாம். புதுசும் இடம் மாறிய அதிர்ச்சியில் இடாது. பொதுவாக இரண்டு வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும். அடங்கியதா என்று தெரிய, ராத்திரி ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். புதுக்கோழி மட்டும் தரையில் தனியாகப் படுத்திருந்தால் இன்னும் வேலை பாக்கி. மேலே கம்பில் மற்றவற்றோடு ஒட்டி உட்கார்ந்திருந்தால், பஞ்சாரத்தை எடுத்துப் பரணில் போட்டுவிடலாம்.