காட்டுக்குப் போனவர்களைத் தேடிய கேமரா

அந்நியப் படை ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலோர் தலையைக் குனிந்துகொண்டு பிழைப்பைப் பார்ப்பார்கள். சிலர் மட்டும் எதிர்த்து நிற்பார்கள். அந்தச் சிலர் யார், எது அவர்களைக் கிளப்பியது என்று விசாரிக்கும் ஆவணப்படங்கள் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. மலேசியாவில் இந்த விசாரணைக்குப் பேராக்கைவிடப் பொருத்தமான மாநிலம் இல்லை. 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போனது. 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் இரண்டு ஆட்சிகளையும் எதிர்த்தவர்கள் கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களிலிருந்தும் ரப்பர் தோட்டங்களிலிருந்தும் காட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு அரிசியும் ஆளும் போகாமல் தடுக்கத்தான் 1950க்குப் பின் மலாயா முழுவதும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள்.

ஏன் எதிர்த்தீர்கள் என்று நேராகக் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் மேடைப் பேச்சுதான். கட்சி சொல்லிக்கொடுத்த பதில் கிழவர்களின் நாக்கு நுனியிலேயே இருக்கும். ஆகவே தேர்ந்த இயக்குநர்கள் சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள்: முதல் சிப்பாயை எங்கே பார்த்தீர்கள், யார் உங்களைக் கூட்டிப்போனது, வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். மார்செல் ஓஃபுல்ஸ் 1969இல் எடுத்து முடித்த 'துயரமும் இரக்கமும்' இந்த முறைக்கு முன்னோடி. நாஜிகளின் பிடியில் இருந்த கிளெர்மோன்-ஃபெரான் நகரத்தைப் பற்றிய, நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் அது. நாடே எதிர்த்துப் போராடியது என்று நம்ப விரும்பிய பிரான்ஸ், 1981வரை அதைத் தொலைக்காட்சியில் காட்டவில்லை. ஊரோடு ஒட்டாதவர்கள்தான் எதிர்ப்பில் சேர முடிந்தது என்று முன்னாள் எதிர்ப்புத் தலைவர் ஒருவரே அதில் சொல்கிறார். எந்தப் பாடநூலும் எழுதத் துணியாத பதில் அது. ஸ்டீவ் கானர்ஸும் மோலி பிங்ஹமும் 2003-04இல் பாக்தாத்தின் அதமியா பகுதியில் எடுத்த 'மீட்டிங் ரெசிஸ்டன்ஸ்' படத்தில் முகமும் பெயரும் மறைக்கப்பட்ட ஈராக்கியர்கள் பேசுகிறார்கள். அவர்கள் வாயில் நாடு, மதம், மானம் மூன்றும் பிரிக்க முடியாமல் கலந்தே வருகின்றன.

பேராக்கைப் பற்றிய படங்களில் அதிகம் பேசப்பட்டது அமீர் முகமது 2006இல் எடுத்த 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்'. மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கின் கதை அது. ஆனால் படத்தில் அவர் முகமும் இல்லை, குரலும் இல்லை. சித்தியவானில் 1924இல் சைக்கிள் கடைக்காரரின் மகனாகப் பிறந்ததில் தொடங்கி, அவர் இருந்த ஊர்கள் வழியாகவே கேமரா தென் தாய்லாந்துவரை போகிறது. திரையில் எழுத்து ஒரு போராட்டத்தைச் சொல்லும். அதன் கீழே கரிச் சூளைக்காரரோ பெத்தாய் விற்பவரோ தன் வியாபாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நடுநடுவே பழைய பிரசாரப் படங்களைக் கிண்டல் செய்யும் பாட்டுகள் வேறு. முதலில் விளையாட்டாகத் தெரியும் இந்த உத்தி, போகப்போக ஒரு விளக்கமாக மாறுகிறது: ஈயமும் ரப்பரும் யாருக்குச் சோறு போட்டன, யாருக்குப் போடவில்லை என்று தெரிந்தால், ஒரு பையன் ஏன் கட்சியில் சேர்ந்தான் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. 1937இல் ஜப்பான் சீனாமீது படையெடுத்தபோது மலாயாச் சீனர்களிடையே எழுந்த கொதிப்புதான் சின் பெங்கை முதலில் இழுத்தது. ஜப்பானியரை எதிர்த்ததற்காக பிரிட்டன் அவருக்கு ஓபிஇ விருது கொடுத்தது. தன்னையே எதிர்க்கத் தொடங்கியதும் அதைப் பறித்துக்கொண்டது. எதிர்த்தவர் அதே ஆள்தான்.

லாவ் கெக் ஹுவாட்டின் 'ஆப்சென்ட் வித்தவுட் லீவ்' (2016) இன்னும் நெருங்கிப் போகிறது. பேராக்கில் ஒரு மரவீட்டுச் சுவரில் தொங்கிய தாத்தாவின் படம். அவரைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அவர் கம்யூனிஸ்ட் போராளி என்று தெரிந்துகொண்ட பேரன், தாய்லாந்திலும் சீனாவிலும் இருக்கும் பழைய தோழர்களைத் தேடிப் போகிறார். ஆனால் கொள்கையைவிட, தன் அப்பா தகப்பன் இல்லாமல் வளர்ந்ததுதான் படத்தில் கனமாக விழுகிறது.

தமிழர் பக்கம் வந்தால் கணக்கு சிக்கலாகிறது. ஈப்போவில் யாழ்ப்பாணத் தமிழ் மருத்துவர் கதிகாசுவின் மனைவி சிபில் கதிகாசு, பாப்பான் என்ற ஊரின் பிரதான வீதி 74ஆம் எண் வீட்டில் கெரில்லாக்களுக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்தார். மாடிப்படிக்கு அடியில் குழி பறித்து ஒரு வானொலிப் பெட்டியை ஒளித்துவைத்து பிபிசி செய்தி கேட்டார். அதற்கு ஜோசபின் என்று பெயர் வேறு. 1943இல் பிடிபட்டு, பத்து காஜா சிறையில் வதைபட்டார். பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. அவரிடம் கொள்கை என்று பெரிதாக எதுவும் இல்லை. காயத்தோடு வந்து கதவைத் தட்டியவனைத் திருப்பி அனுப்ப மனம் வராததிலிருந்தே அவருடைய எதிர்ப்பு தொடங்குகிறது.

அதே காலத்தில் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். அந்தப் படைக்கு எதிரி பிரிட்டன். துணை நின்றது ஜப்பான். கபீர் கான் 1999இல் எடுத்த 'தி ஃபர்காட்டன் ஆர்மி' ஆவணப்படம் முன்னாள் படை அதிகாரிகளான லட்சுமி சாகலையும் குர்பக்ஷ் சிங் தில்லானையும் அழைத்துக்கொண்டு அந்தப் படை போன வழியிலேயே போகிறது. தேசப்பற்று அதில் நிறைய உண்டு. ஆனால் தோட்டத்திலிருந்து பார்த்தால் வேறு காரணங்களும் தெரியும்: துரைக்கும் கிராணிக்கும் கைகட்டி நின்றவனுக்கு யூனிஃபார்ம் கொடுத்த நிமிர்வு; மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாகிப்போன நாளில் முகாமில் கிடைத்த சோறு; எல்லாவற்றுக்கும் மேலாக, ஜப்பானியர் போட்ட ரயில்பாதை வேலைக்காகச் சயாமுக்குப் பிடித்துப் போகப்படாமல் தப்பும் வழி. 415 கிலோமீட்டர் நீளமான அந்த ரயில்பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்களில் தோட்டத் தமிழர்கள் மிகப் பலர். குறிஞ்சி வேந்தன் இயக்கிய சயாம்-பர்மா மரண ரயில் ஆவணப்படம் தப்பி வந்தவர்களைப் பேச வைத்திருக்கிறது. எதிர்ப்பைப் பற்றிய படம் இல்லை அது. ஆனாலும் ஒருவன் துப்பாக்கி எடுத்ததற்கும் இன்னொருவன் ரயிலேறியதற்கும் நடுவே எவ்வளவு சின்ன இடைவெளி இருந்தது என்பதை அதைப் பார்த்தால்தான் உணர முடியும்.

இந்தப் படங்களை மலேசியாவில் பார்ப்பது எளிதல்ல. அமீர் முகமதுவின் படத்தைத் தணிக்கை வாரியம் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதித்தது. ஒரு நாளிதழ் எதிர்ப்புக் கிளப்பியபின் 2006 மே மாதம் உள்துறை அமைச்சு தடை போட்டது. மறு வருடம் மலாய்க் கம்யூனிஸ்டுகளைப் பற்றி அவர் எடுத்த 'அப்பா கபார் ஓராங் கம்போங்' படத்துக்கும், லாவ் கெக் ஹுவாட்டின் படத்துக்கும் அதே கதிதான். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, வாரியம் பார்க்காத படத்தை மண்டபத்தில் திரையிடுவதும் குற்றம். ஈழப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' படத்தை 2013இல் கோலாலம்பூரில் திரையிட்ட மனித உரிமை அமைப்பின் ஊழியர்மீது இந்தச் சட்டம் பாய்ந்தது. முதலில் விடுவிக்கப்பட்ட அவருக்கு, வழக்கு மேல்முறையீடு வழியாகத் திரும்பி வந்தபின், 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது.