ஆழ்கடல் தரையின் சிறு ஓட்டுடலிகளும் அவற்றைக் கணக்கெடுக்கும் முறையும்

1. முன்னுரை

புவிப்பரப்பில் ஏறத்தாழப் பாதி, 3000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடைய கடலின் அடித்தரையாகும். கதிரவன் ஒளி எட்டாத இத்தரை நெடுங்காலம் உயிரற்ற பாழ்நிலமாகக் கருதப்பட்டது. 1841, 1842ஆம் ஆண்டுகளில் ஈஜியன் கடலை ஆராய்ந்த எட்வர்டு ஃபோர்ப்ஸ், ஆழம் மிகுந்தோறும் உயிரினங்கள் குறைவதைக் கண்டார். அதனைக் கொண்டு, 300 பாகத்திற்குக் கீழ், அதாவது ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழ், உயிர்கள் இல்லாதொழியும் என்று அவர் கருதினார். அவர் ஆராய்ந்த கடல் உணவுவளம் குறைந்தது. அவருடைய வாருவலையும் சேற்றில் எளிதில் அடைபடக்கூடியது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பலின் ஆய்வுப் பயணம், பல ஆயிரம் மீட்டர் ஆழத்திலும் உயிர்கள் வாழ்வதை ஐயமற நிறுவியது.

ஆழ்கடலில் எவை உள்ளன என்னும் வினாவிற்குக் கிடைக்கும் விடை, எக்கருவியால் தேடப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும். சில மில்லிமீட்டர் நீளமே உடைய சிறு ஓட்டுடலிகளைப் பொறுத்தவரை இவ்வுண்மை இன்றும் பொருந்துகிறது. கடலடிச் சுரங்கத் திட்டங்கள் உருவாகிவரும் இக்காலத்தில் அவற்றின் கணக்கெடுப்பு தனிச் சிறப்புப் பெறுகிறது.

2. பைசுமக்கும் ஓட்டுடலிகள்

இறால், நண்டு ஆகியவற்றின் உறவினங்களான ஓட்டுடலிகளுள் பெரக்கரிடா என்னும் பெரும்பிரிவு ஆழ்கடல் தரையில் செழித்துள்ளது. இதனுள் நான்கு வரிசைகள் குறிப்பிடத்தக்கவை. மேலிருந்து கீழாகத் தட்டையான உடலும் பெரும்பாலும் ஒத்த அமைப்புடைய கால்களும் கொண்டவை ஐசோப்பாடுகள். பக்கவாட்டில் ஒடுங்கி வளைந்த உடலுடையவை ஆம்ஃபிப்பாடுகள். இவற்றுட் சில, இறந்து வீழும் மீன்களை மோப்பத்தால் அறிந்து விரைந்து மொய்ப்பவை. இடுக்கிக் கால்களுடன், பெரும்பாலும் சேற்றில் குழாய் அமைத்து வாழ்பவை டனைடுகள். பருத்த முன்னுடலும் மெலிந்த வாலுமாகச் சேற்றில் புதைந்திருப்பவை குமேசியாக்கள்.

இவற்றின் உறவினங்களுள் பெரியவையும் உண்டு. 1879ஆம் ஆண்டில் அல்ஃபோன்சு மில்ன்-எட்வர்ட்சு விவரித்த பாத்தினோமசு ஜைகான்டியசு என்னும் ஐசோப்பாடு 30 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்வது. எனினும் ஆழ்சமவெளிகளில் வாழ்பவற்றுட் பெரும்பாலானவை ஓர் அரிசி மணியினும் சிறியவை.

இந்நான்கு வரிசைகளுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. தாய் தன் மார்புப்பகுதியின் அடியிலுள்ள பையில் முட்டைகளைச் சுமக்கிறது. நீரோட்டத்தில் நெடுந்தொலைவு மிதந்து செல்லும் தனி இளம்பருவம் இவற்றிற்கு இல்லை. பையிலிருந்து வெளிவரும் குஞ்சு பெரும்பாலும் தாயின் வடிவிலேயே, தாய் வாழ்ந்த இடத்திற்கு அருகிலேயே வாழ்வைத் தொடங்குகிறது. எனவே ஓரிடத்தில் அழிந்த இனம், தொலைவிடத்திலிருந்து மீண்டும் வந்து குடியேறுதல் எளிதன்று.

3. திரட்டும் முறைகள்

தரையிலுள்ள உயிர்களின் அடர்த்தியை அறியப் பெட்டிவடிவ மண்ணெடுப்பி பயன்படுகிறது. கம்பிவடத்தில் இறக்கப்படும் இக்கருவி, பக்கத்திற்கு 50 சென்டிமீட்டர் அளவுள்ள சதுரத் தரையைச் சேற்றுடன் வெட்டியெடுக்கிறது. 5000 மீட்டர் ஆழத்திற்கு இறக்கி ஏற்றப் பல மணி நேரம் ஆகும். அவ்வளவு உழைப்பிற்கும் கிடைப்பது கால் சதுர மீட்டர் தரையே.

மிகுதியான உயிரிகளைத் திரட்ட, தரையின் மீது இழுக்கப்படும் சறுக்குவலை உதவுகிறது. 1960களில் ஹோவர்டு சாண்டர்சும் ராபர்ட் ஹெஸ்லரும் நுண்கண் வலையுடன் கூடிய சறுக்குக் கருவியைக் கையாண்டு, ஆழ்கடல் தரையின் இனவகை எதிர்பாராத அளவு மிகுதியானது என்று 1967இல் அறிவித்தனர். பிணந்தின்னும் ஆம்ஃபிப்பாடுகளைப் பிடிக்க இரை வைத்த பொறிகள் இறக்கப்படுகின்றன. இவற்றுள் ஒன்று தருவதை மற்றொன்று தருவதில்லை. ஆதலால் இம்முறைகள் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

சேறு கப்பலை அடைந்தபின் 0.3 மில்லிமீட்டர் கண்ணுடைய சல்லடையில் மெல்ல அலசப்படுகிறது. அகன்ற கண் கொண்ட சல்லடையாயின் சிறு உயிரிகள் நழுவிவிடும். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீர் 28 பாகை செல்சியசு அளவில் இருக்க, அடிநீரோ உறைநிலைக்குச் சில பாகையே மேலுள்ளது. ஆகவே குளிர்வித்த கடல்நீரால் அலசி, உயிரிகளைக் குளிர்ந்த எத்தனாலில் இடுகின்றனர். ஃபார்மலின் உடலமைப்பைப் பேணுமாயினும் மரபுப்பொருளைச் சிதைக்கக் கூடியது.

4. பெயரிடுதலின் இன்றியமையாமை

வட அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்திற்கு அப்பால் 1500 முதல் 2500 மீட்டர் வரையிலான ஆழத்தில் எடுக்கப்பட்ட 233 மண்கூறுகளில் 798 சிற்றினங்கள் இருந்ததைக் கிராசிலும் மாசியோலெக்கும் 1992இல் வெளியிட்டனர். அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை அறிவியலுக்குப் புதியவை.

புதிய சிற்றினத்திற்குப் பெயரிடுதல் அரிய பணியாகும். ஒடிந்த கால்களையும் நுண்ணிய வாயுறுப்புகளையும் வரைந்து விவரித்து, மூலமாதிரியை அருங்காட்சியகத்தில் வைத்தல் வேண்டும். ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் வேறினங்கள் போலத் தோன்றுவதுண்டு. ஒன்றெனக் கருதப்பட்டது மரபுப்பொருள் ஒப்பீட்டில் பலவாகப் பிரிவதும் உண்டு. பெயரிடப்படாதவை அந்தந்த ஆய்வகம் இட்ட எண்களாலேயே குறிக்கப்படுகின்றன. ஓர் ஆய்வகத்தின் முதல் எண்ணும் மற்றோர் ஆய்வகத்தின் முதல் எண்ணும் ஒரே உயிரியைக் குறிப்பனவா என்பதை ஒப்பிட்டாலன்றி அறியவியலாது. பெயர் என்பது இங்கு அணியன்று. இரு கணக்குகளை இணைக்கும் பாலமாகும்.

5. சுரங்கமும் கணக்கெடுப்பும்

நிக்கல், கோபால்ட்டு, செம்பு முதலியவை செறிந்த மாங்கனீசு முடிச்சுகள் பசிபிக்கின் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியிலும் இந்தியப் பெருங்கடலின் நடுவண் படுகையிலும் பரந்து கிடக்கின்றன. பசிபிக்கின் அப்பகுதியில் பதிவான 5578 சிற்றினங்களுள் 88 முதல் 92 விழுக்காடு இன்னும் பெயரிடப்படாதவை என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இந்தியா 2002ஆம் ஆண்டில் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் உடன்படிக்கை செய்து, நடுவண் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆய்வுரிமை பெற்றது. அதற்கு முன்னரே, 1997இல் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தினர் அங்கு 5000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் சேற்றைச் செயற்கையாகக் கிளறி, முன்னும் பின்னும் உயிரிகளை எண்ணி, சுரங்கத்தின் விளைவை முன்கூட்டி அறிய முயன்றனர்.

பசிபிக்கில் 2022இல் நிகழ்ந்த முடிச்சுச் சேகரிப்புச் சோதனையின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. அவ்வாய்வில் 4350 உயிரிகள் 788 சிற்றினங்களாகப் பிரித்தறியப்பட்டன. பொறி சென்ற தடத்தில் உயிரிகளின் எண்ணிக்கை 37 விழுக்காடும் இனவகை 32 விழுக்காடும் குறைந்திருந்தன. 1979இல் மற்றொரு சோதனைப்பொறி இட்ட தடங்களோ 44 ஆண்டுகளுக்குப் பின்னும் தெளிவாகத் தெரிந்தன. சில உயிரினங்கள் மீளத் தொடங்கியிருப்பினும் முழு மீட்சி நிகழவில்லை.

இங்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. ஆழ்கடலினங்களுட் பல, எடுத்த கூறுகள் அனைத்திலும் ஒரேயொரு முறை மட்டுமே அகப்படுபவை. அத்தகைய உயிரி பின்னைய கூறுகளில் காணப்படாவிடின், அது அழிந்ததா, அன்றி அகப்படவில்லையா என்று உறுதி கூற இயலாது. தீண்டப்படாத ஒப்பீட்டு நிலமும், பல ஆண்டுகள் தொடரும் மண்கூறுகளும், பெயருடைய இனப்பட்டியலும் இருந்தாலன்றி இவ்வையம் நீங்காது.

6. முடிவுரை

ஃபோர்ப்ஸின் வலையில் வாராதவை இல்லாதவையாகக் கொள்ளப்பட்டன. நூற்றாண்டு கடந்து, நுண்கண் வலை அவற்றை வெளிக்கொணர்ந்தது. கணக்கில் வாராமையும் இல்லாமையும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும். அன்றைய பிழை நூலளவில் நின்றதால் பின்னர்த் திருத்தப்பட்டது. இன்று அதே பிழை நிகழுமாயின், தன் குஞ்சைத் தன் பையிலேயே சுமந்து, பிறந்த இடத்தை அகலாது வாழும் உயிரினம் ஒன்று, பெயர் பெறுமுன்னரே அழியக்கூடும். அப்பிழையைத் திருத்த எக்கருவியாலும் இயலாது.