மதிப்பிடப்பட்ட கலன்கோள வடிகட்டல் வீதம்

மதிப்பிடப்பட்ட கலன்கோள வடிகட்டல் வீதம் என்பது, வழக்கமான குருதிப் பரிசோதனையில் கிடைக்கும் கிரியாட்டினின் அளவைக் கொண்டு சிறுநீரகங்களின் செயல்திறனைக் கணக்கிட்டு அறியும் முறையாகும். ஆய்வுக்கூட அறிக்கைகளில் இது ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற சுருக்கப் பெயரால் குறிக்கப்படுகிறது. சிறுநீரகங்களில் உள்ள நுண்ணிய குருதிக்குழல் முடிச்சுகளே கலன்கோளங்கள். அவை அனைத்தும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் வடிகட்டும் நீர்மத்தின் அளவு மில்லிலிட்டரில் தரப்படுகிறது. உடலளவு வேறுபாட்டை ஈடுசெய்ய, 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்கு உரியதாக அது மாற்றப்படுகிறது.

கிரியாட்டினின்

கிரியாட்டினின் தசைகளில் உண்டாகும் கழிவுப் பொருள் ஆகும். ஏறத்தாழ மாறாத அளவில் நாள்தோறும் உருவாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. வடிகட்டல் குறைந்தால் குருதியில் அதன் அளவு கூடும். யூரியாவும் இவ்வாறு கூடுமெனினும், உணவிலுள்ள புரதமும் உடலின் நீரிழப்பும் அதனை எளிதில் மாற்றிவிடுகின்றன.

எனினும் கிரியாட்டினினை மட்டும் பார்த்து முடிவுசெய்ய இயலாது. தசை குறைந்தவரின் உடலில் அது குறைவாகவே உருவாகிறது. எனவே வடிகட்டும் திறனில் பெரும்பகுதி குறைந்த பின்னரும் குருதியில் அதன் அளவு இயல்பு எல்லைக்குள் இருக்கக்கூடும்.

வாய்பாடுகள்

1976 ஆம் ஆண்டில் காக்கிராஃப்ட், கால்ட் ஆகியோர் வெளியிட்ட வாய்பாடு வயது, எடை, கிரியாட்டினின் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது. 140 இலிருந்து வயதைக் கழித்து, எடையால் (கிலோகிராம்) பெருக்கி, கிரியாட்டினின் அளவின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு விடையை 0.85 ஆல் பெருக்க வேண்டும். இதில் கிடைப்பது கிரியாட்டினின் நீக்க வீதம் ஆகும். மருந்தளவைத் தீர்மானிக்க இது இன்றும் பயன்படுகிறது.

1999 இல் எம்.டி.ஆர்.டி. வாய்பாடும், 2009 இல் சி.கே.டி.-எப்பி வாய்பாடும் வெளிவந்தன. பிந்தையதன் 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தில், கறுப்பினத்தவருக்கெனத் தனியே இருந்த பெருக்கெண் நீக்கப்பட்டது. வயது, பால், கிரியாட்டினின் ஆகிய மூன்று மட்டுமே இதற்குத் தேவை.

எடுத்துக்காட்டு

இருவரின் கிரியாட்டினின் அளவும் ஒரு டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் எனக் கொள்வோம். இவ்வளவு பல அறிக்கைகளில் இயல்பு எல்லைக்குள்ளோ அதன் விளிம்பிலோ அமையும். 2021 வாய்பாட்டின்படி 25 வயது ஆணுக்கு வீதம் ஏறத்தாழ 86. 65 வயதுப் பெண்ணுக்கு ஏறத்தாழ 50. அப்பெண்ணின் எடை 45 கிலோகிராம் எனில், காக்கிராஃப்ட்-கால்ட் வாய்பாடு ஏறத்தாழ 33 என்ற விடையைத் தரும். சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்துகளை அவருக்கு முழு அளவில் கொடுப்பது தீங்காகலாம்.

நோயின் நிலைகள்

வீதம் 90 அல்லது அதற்கு மேல் இருப்பது முதல் நிலை. 60 முதல் 89 வரை இரண்டாம் நிலை. 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை. 15 முதல் 29 வரை நான்காம் நிலை. 15 இற்குக் கீழ் ஐந்தாம் நிலை. முதலிரு நிலைகளை நோய் எனக் கூற, சிறுநீரில் ஆல்புமின் புரதம் வெளியேறுவது போன்ற வேறு சேத அறிகுறியும் இருக்க வேண்டும். மேலும், குறைபாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் மட்டுமே அது நாட்பட்ட சிறுநீரக நோய் எனப்படும்.

தெற்காசியரும் வாய்பாடுகளும்

மேற்கூறிய வாய்பாடுகள் பெரும்பாலும் மேலைநாட்டினரின் தரவுகளிலிருந்து உருவானவை. தெற்காசியரிடம் தசைத் திணிவும் இறைச்சி உணவும் பொதுவாகக் குறைவு என்பதால், இவை உண்மையைவிடக் கூடுதலான வீதத்தைக் காட்டக்கூடும். பாக்கித்தானில் நேரடியாக அளந்த வீதங்களோடு ஒப்பிட்டு, 2009 வாய்பாட்டின் விடையைத் திருத்தும் முறை 2014 இல் வெளியிடப்பட்டது. சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளும் இந்தியரிடம் இத்தகைய மிகைமதிப்பீட்டைக் கண்டன. 2021 திருத்தம், கறுப்பினத்தவர் அல்லாதோருக்கு முந்தைய வாய்பாட்டைவிடச் சற்று உயர்ந்த விடையையே தருகிறது.

இது தனிநபர் மருத்துவத்தோடு நின்றுவிடுவதன்று. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திரப் பிரதேசத்தின் உத்தானம் பகுதியிலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் உழவர்களைப் பெருமளவில் தாக்கியுள்ளது. தமிழ்நாட்டு வேளாண் தொழிலாளரிடையேயும் அது இருப்பதை 2020களின் ஆய்வுகள் காட்டின. இத்தகைய ஆய்வுகளில் எத்தனை பேர் நோயாளராகக் கணக்கிடப்படுவர் என்பது, தேர்ந்தெடுக்கும் வாய்பாட்டையும் பொறுத்தது.

வரம்புகள்

திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பிலும் கருவுற்ற காலத்திலும் இம்மதிப்பீடு பொருந்தாது. உறுப்பு இழந்தோர், மிகுந்த தசை உடையோர், கடும் ஊட்டக்குறைவு உள்ளோர் ஆகியோரிடம் பிழை மிகும். பரிசோதனைக்கு முன் உண்ட இறைச்சியும், டிரைமெத்தோபிரிம் போன்ற மருந்துகளும் கிரியாட்டினினை உயர்த்தக்கூடும். ஐயம் எழும்போது, தசையளவைப் பெரிதும் சாராத சிசுட்டாட்டின்-சி என்னும் புரதத்தையும் அளந்து, இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவது கூடுதல் துல்லியம் தரும்.