முன்கட்டையும் தேக்கு விலையும்

திருவட்டாற்றுப் பக்கத்து அங்கத்தினர் ஒருவர் தம் வீட்டு வளாகத்தில் வெட்டிய தேக்கை விற்க முற்பட்டார். “வளையங்கள் அகலமாயுள்ளன, ஆதலால் மரம் பலமற்றது” என்று கூறி வியாபாரி விலையைக் குறைத்தார். சங்கக் கணக்கைப் பார்வையிடச் சென்றிருந்த நம்மிடம், இது நியாயந்தானா என அங்கத்தினர் வினவினார். அடித்துண்டின் முகப்பை உளியால் சீவி, நீர் தடவி, நெசவாளர் இழை எண்ணும் கண்ணாடியை அதன்மேல் வைத்துப் பார்த்தோம். அன்று கூறியது பிறருக்கும் பயன்படக்கூடும் என்பதால் ஈண்டு எழுதுகிறோம்.

தேக்கு, வறண்ட மாதங்களில் இலையுதிர்த்து நின்று, கோடை மழை பெய்ததும் துளிர்க்கிறது. புதிய இலைகளுக்கு நீர் விரைந்து ஏறவேண்டும். அதற்காகப் பட்டையின் உட்புறமுள்ள வளர்படலம், முதலில் அகன்ற குழாய்களைக் கொண்ட கட்டையை உண்டாக்குகிறது. ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அகலமுள்ள அக்குழாய்களின் வாய்கள் வெறுங் கண்ணுக்கே ஊசித்துளைகள் போல் தெரியும். இப்பகுதியே முன்கட்டை. மழை வலுத்து, இலை நிறைந்தபின் உண்டாகும் கட்டையில் குழாய்கள் குறுகி, நார்கள் நெருங்கியிருக்கும், அது பின்கட்டை. ஊடையைத் தளர்வாக அடித்த நெசவும் இறுக்கி அடித்த நெசவும் ஒரே துணியில் அடுத்தடுத்து வருவதைப் போன்றது இது. இரண்டும் சேர்ந்தது ஒரு வளையம்.

பாடநூல்களில் முன்கட்டையை ‘வசந்தகாலக் கட்டை’ என்றும், பின்கட்டையைக் ‘குளிர்காலக் கட்டை’ என்றும் காண்கிறோம். பனி நீங்கி மரம் விழிக்கும் நாடுகளில் எழுந்த பெயர்கள் இவை. நம் தேக்கை விழிக்கச் செய்வது மழை. அதன் பின்கட்டை உருவாவதோ குளிரில் அன்று, இலை அடர்ந்த மழை மாதங்களில். எனவே முன், பின் என்பதே தெளிவு. மேல்நாட்டு அறிஞரும் இக்காலத்தில் இப்பொருள்படும் சொற்களையே பெரிதும் ஆள்கின்றனர்.

இனி விலைக்கு வருவோம். நெருங்கிய வளையமே பலம் என்னும் விதி பைன் போன்ற மரங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். அவற்றில் வளையம் அகலும்போது மெதுவான முன்கட்டையே மிகுகிறது. தேக்கின் இயல்பு வேறு. அதில் முன்கட்டைப் பட்டை ஏறக்குறைய ஒரே அளவாய் நிற்க, வளையம் அகலும்போது பெரும்பாலும் பின்கட்டையே கூடுகிறது. மிகக் குறுகிய வளையங்களில்தான் துளைப்பகுதியின் பங்கு அதிகம். ஆகவே வளையத்தின் அகலத்தை மட்டும் காட்டி விலையைக் குறைப்பது முறையன்று என்பதே நம் அபிப்பிராயம். வியாபாரியின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு: விரைந்து வளர்ந்த இளமரத்தில் வெள்ளைப்பகுதி மிகுதி. அது பூச்சிக்கும் உளுத்தலுக்கும் எளிதில் இரையாகும். கழிக்கவேண்டியது அதைத்தான்.

வளையத்தை எண்ணி வயது கூறுவதிலும் எச்சரிக்கை வேண்டும். கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் நீர் தரும் இரு பருவமழைகள் நம் மாவட்டத்தில் பெய்கின்றன. வளர்ச்சிக் காலத்தின் நடுவே வறட்சி நேர்ந்து மீண்டும் மழை பெய்தால், ஒரே ஆண்டில் பொய் வளையம் ஒன்று தோன்றக்கூடும். பல மரங்களை ஒப்பிட்டே ஆராய்ச்சியாளர் இதைக் களைகின்றனர். அவ்வாறு கேரளத் தேக்குகளை ஆராய்ந்து, 523 ஆண்டு வளையத் தொடரைப் புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகத்தார் 2010-இல் வெளியிட்டனர். பழைய மழைக்குறைவுகளின் தடயம் அதில் காணப்பட்டது. தென்னையிலும் பனையிலும் இவ்வாறு எண்ண இயலாது. அவற்றுக்கு இத்தகைய வளர்படலமே இல்லை.

நம் அங்கத்தினரின் துண்டில் வெள்ளை இரு விரற்கடை இருந்தது. அதை நீக்கி, எஞ்சிய வைரத்தைக் கன அடி கணக்கில் அளந்து விலை பேசுமாறு கூறினோம். வியாபாரி சற்றுத் தயங்கி, அளவுநாடாவை எடுத்தார்.